8.2-லேர்ந்து 7.5: போர் தண்ணி தொட்டியில பிஹெச் எறக்கின கதை

என் மச்சான் வேலை மாத்தலாகி புனே கெளம்பறப்ப அவனோட மூணடி மீன் தொட்டியை எங்க வீட்டு ஹால்ல எறக்கிட்டு போயிட்டான். கூடவே இரும்பு ஸ்டாண்டு, ஒரு பவர் ஃபில்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், வளந்த ஏஞ்சல் நாலஞ்சு, அடியில மேயற கோரி ஒரு கூட்டம், அப்புறம் பாதி தீந்த பிஹெச் டவுன் பாட்டில் ஒன்னு (பிஹெச்னா தண்ணியோட அமில கார அளவு, 7 நடுநிலை, அதை எறக்கற மருந்து தான் பிஹெச் டவுன்). "மாமா, வாராவாரம் ஒரு மூடி ஊத்திருங்க, இல்லன்னா பிஹெச் ஏறிக்கிட்டே போகும், ஏஞ்சலுக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டு போனான். எனக்கு அந்த பாட்டில் மேல தான் மொத சந்தேகம், வாராவாரம் ஊத்தியும் வாராவாரம் ஏறுதுன்னா அது எதையும் சரி பண்ணலைன்னு தானே அர்த்தம். சரி ஏன் ஏறுதுன்னு பாத்துருவோம்னு உக்காந்தேன். வீடு மேடவாக்கம் பக்கம், அபார்ட்மென்ட் போர் தண்ணி, பக்கெட்டு கொழாய் எல்லாத்துலயும் வெள்ளை வெள்ளையா உப்பு படியுமே அந்த தண்ணி. தொட்டி 36-க்கு 12-க்கு 18 இன்ச், மணல் கல்லு மேல விடற இடம் எல்லாம் போக சுமார் 100 லிட்டர் நிக்கும், கணக்கு போட வசதி.

மொதல்ல ஒழுங்கா அளக்கணும், அங்கேயே ஒரு வில்லங்கம். மச்சான் விட்டுட்டு போன கிட்டு சொட்டு மருந்து டைப்பு, அஞ்சு மில்லி தண்ணியில மூணு சொட்டு விட்டு குலுக்கி கலர் கார்டோட வெச்சு பாக்கறது. மஞ்சள்னா 6, பச்சைன்னா 7 கிட்ட, நீலம்னா 7.6. தொட்டி தண்ணி நல்ல நீலம், அவனும் ஒரு நோட்டுல வாராவாரம் 7.6, 7.6ன்னு எழுதி வெச்சிருக்கான். இந்த கிட்டுல இருக்கற சாயம் புரோமோதைமால் ப்ளூ, அது கலர் மாறறதே 6.0-லேர்ந்து 7.6 வரைக்கும் தான், அதுக்கு மேல தண்ணி 8 ஆனாலும் சரி 8.8 ஆனாலும் சரி அதே நீலத்தை தான் காட்டும். கார்டுல கடைசி கலர் வந்துச்சுன்னா "7.6 இல்ல அதுக்கும் மேல"ன்னு தான் படிக்கணும். 7.4-லேர்ந்து 8.8 வரைக்கும் காட்டற ஹை ரேஞ்ச் கிட்டு தனியா விக்கறாங்க, நம்ம ஊர் போர் தண்ணிக்கு அது தான் லாயக்கு.

நான் அந்த மஞ்சள் கலர் பேனா மீட்டர் வாங்கினேன். மலிவு தான், ஆனா காலிபரேட் பண்ணாம அது காட்டற நம்பரை நம்பவே கூடாது. கூட சின்ன பவுடர் பாக்கெட்டு வரும், 6.86 ஒன்னு, 4.01 ஒன்னு, சிலதுல 9.18-உம் இருக்கும். ஒவ்வொன்னையும் 250 மில்லி டிஸ்டில்ட் வாட்டர்ல கரைக்கணும், அதுக்கு எங்கயும் அலைய வேணாம், பெட்ரோல் பங்க்ல இன்வெர்ட்டருக்கு ஊத்தற பேட்டரி வாட்டர் கேன் கெடைக்கும், அதே தான். மொதல்ல 6.86-ல முக்கி செட் பண்ணிட்டு அப்புறம் 9.18, ஏன்னா நமக்கு வேண்டிய ஏரியா 7-க்கும் 9-க்கும் நடுவுல. 4.01-ஐ வெச்சு செட் பண்ணிட்டு 8.2 அளந்தா கொஞ்சம் பிசகும். இன்னொன்னு, முனையில இருக்கற கண்ணாடி பல்பு காய விடாதீங்க, மூடிக்குள்ள ரெண்டு சொட்டு பொட்டாசியம் குளோரைடு ஸ்டோரேஜ் சொல்யூஷன் விட்டு மூடி வைங்க. சுத்தமா இருக்கட்டும்னு டிஸ்டில்ட் வாட்டர்ல ஊறப் போட்டா சீக்கிரமே செத்துரும்.

மீட்டர் ரெடி ஆனதும் கொழாய்ல புடிச்ச போர் தண்ணி 7.2, தொட்டி தண்ணி 8.2. ஆஹா, தொட்டிக்குள்ள தான் ஏதோ ஏத்துது, தொட்டி அடியில கெடக்கற கலர் கல்லு தான் திருடன்னு யாருக்கும் தோணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணியே ஆகணும். ஒரு பக்கெட்டுல வெறும் போர் தண்ணி, கல்லு இல்ல, மீன் இல்ல, ஒரு ஏர் ஸ்டோன் மட்டும் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில அளந்தா அதுவும் 8.2! கல்லுக்கு இதுல பங்கே இல்ல.

நடக்கறது என்னன்னா, பூமிக்கு அடியில இருக்கற தண்ணியில கார்பன் டை ஆக்சைடு ஏகத்துக்கும் கரைஞ்சு கெடக்கும், அது தண்ணியில கார்பானிக் ஆசிட்டா இருந்து பிஹெச்சை கீழ புடிச்சு வெச்சிருக்கும். மேல வந்து காத்து பட்டதும் அந்த கேஸ் வெளிய போயிரும், பிஹெச் தன்னோட உண்மையான எடத்துக்கு ஏறிரும். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு: லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு = 3 × கேஹெச் × 10^(7 − பிஹெச்). கேஹெச்னா தண்ணியில இருக்கற பைகார்பனேட் அளவு, எங்க தண்ணிக்கு அது 14, எப்டி வந்துச்சுன்னு கீழ சொல்றேன். கொழாய்ல 7.2-ங்கறப்ப கணக்கு போட்டா 26 சொச்சம் வருது, பக்கெட்டுல 8.2-ங்கறப்ப ரெண்டரை சொச்சம். பத்துல ஒம்பது பங்கு கேஸ் ராத்திரியோட ராத்திரியா பறந்துருச்சு. அதனால போர் தண்ணி வெச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் கொழாய் தண்ணியை அப்டியே அளந்து "என் தண்ணி 7.2, நியூட்ரல்"னு சொல்லிக்காதீங்க, ஒரு நாள் காத்தடிச்சுட்டு அளங்க.

கேஹெச்னா கார்பனேட் ஹார்ட்னஸ், தண்ணியில இருக்கற பைகார்பனேட் அளவு. பிஹெச் கூத்து பூராவுக்கும் பின்னாடி இருக்கற ஆளு இவரு தான், ஆனா கடையில யாரும் இவரைப் பத்தி பேசறதில்ல. இதுக்கும் சொட்டு கிட்டு இருக்கு. அஞ்சு மில்லி தண்ணி எடுத்து மொத சொட்டு விட்டதும் லேசா நீலம் ஆகும், ஒவ்வொரு சொட்டா எண்ணிக்கிட்டே விடணும், ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியை சாய்ச்சு சாய்ச்சு கலக்கணும். ஒரு கட்டத்துல சொட்டு விழுந்த எடம் மட்டும் மஞ்சளா சுருண்டு அப்புறம் நீலத்துல கரைஞ்சு போகும், அதுக்கு அடுத்ததுல பச்சை மாதிரி ஒரு தயக்கம், அதுக்கும் அடுத்த சொட்டுல டக்குனு மொத்தமும் மஞ்சள். அந்த சொட்டோட நம்பர் தான் கேஹெச். வெள்ளை பேப்பர் மேல வெச்சு பாத்தா அந்த பச்சை நல்லா தெரியும், ட்யூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சா குழப்பம் தான். எங்களுக்கு 14-ஆவது சொட்டுல மாறுச்சு. ஒரு டிகிரின்னா 17.9 பிபிஎம், ஆக 250 பிபிஎம். டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்பையும் சேத்து காட்டறது, 900 காட்டுச்சு, ஆனா அதை வெச்சு கேஹெச் சொல்ல முடியாது, அதுல சாதா உப்பு, சல்ஃபேட்டு எல்லாம் சேந்து தான் வரும்.

இப்ப அந்த பாட்டிலுக்கு வரேன். மீன் இருக்கற தொட்டியில இதெல்லாம் பண்ணிப் பாக்க மனசு வரல, பக்கெட்டுல பத்து லிட்டர் காத்தடிச்ச போர் தண்ணி எடுத்துக்கிட்டேன். 8.2 இருந்துச்சு, பிஹெச் டவுன் கொஞ்சம் கொஞ்சமா விட்டு 6.7 வரைக்கும் எறக்கினேன், பாக்க சந்தோஷமா தான் இருந்துச்சு. ஏர் ஸ்டோன் போட்டு விட்டுட்டு மறுநாள் பாத்தா 8.0. கேஹெச் மட்டும் 14-லேர்ந்து 10-க்கு வந்திருந்துச்சு. இந்த மாதிரி பாட்டில்கள்ல பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட் தான் இருக்கும், ஊத்தினதும் பைகார்பனேட் ஆசிட்டை தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடா மாறுது, அந்த கேஸ் தான் அப்போதைக்கு பிஹெச்சை எறக்கிக் காட்டுது, கேஸ் போனதும் திரும்ப மேல. அந்த நாலு டிகிரி மாறினதுல வந்த கேஸை கணக்கு போட்டா லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல வருது, தொட்டியில அப்டி நடந்தா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். மிச்சம் நிக்கறது பாஸ்பேட்டு, அது பாசிக்கு விருந்து. தொட்டி கண்ணாடி பூரா பச்சையா பாசி அப்பிக் கெடந்ததுக்கு வெளிச்சத்தோட சேந்து இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன், நிரூபிக்கல. எலுமிச்சம்பழம், வினிகர்னு வீட்டு வைத்தியம் சொல்றவங்களுக்கும் இதே பதில் தான், போதாக்குறைக்கு அந்த ஆசிட்டை பாக்டீரியா தின்னு தண்ணி கலங்கி ஆக்சிஜனும் கொறையும். அன்னைக்கோட பாட்டிலுக்கு டாட்டா.

அப்ப கேஹெச்சை கொறைக்கணும். எவ்வளவு கொறைச்சா எவ்வளவு பிஹெச் எறங்கும்? மேல சொன்ன கணக்கையே திருப்பிப் போட்டா ஒரு விஷயம் புரியும், அது எனக்கு கொஞ்சம் கடுப்பாவே இருந்துச்சு. கேஹெச்சை சரி பாதியா, 14-லேர்ந்து 7-ஆ ஆக்கினா பிஹெச் எறங்கறது வெறும் 0.3 தான். இன்னும் பாதியாக்கி மூணரை ஆக்கினா இன்னொரு 0.3. பிஹெச் ஸ்கேல் லாகரிதம் ஸ்கேல், அதனால தான் இந்த கஞ்சத்தனம். கேஹெச் 4, 5-ல நிறுத்தினா கணக்குப்படி 7.7 பக்கம் வரும், அதுக்கும் கீழ 6.5 தான் வேணும்னா கேஹெச்சை ஒன்னுக்கும் கீழ கொண்டு போகணும், அது கத்தி மேல நடக்கற வேலை.

சரி ஏஞ்சலுக்கு 6.5 தேவையான்னு கொளத்தூர் போயிருந்தப்ப ஏஞ்சல் குஞ்சு பொரிச்சு விக்கற ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன். கொளத்தூர் தெரியும்ல, வடசென்னையில தெருவுக்கு தெரு மீன் கடை, மொட்டை மாடி வரைக்கும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளக்கற ஏரியா. அவரு சிரிச்சுட்டு, "தம்பி, அமேசான்ல புடிச்ச மீனா இது? இதோட பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த தொட்டியில பொறந்தது தான். நம்பரைத் தொரத்தாத, தண்ணி நாளுக்கு ஒரு மாதிரி இல்லாம பாத்துக்க"ன்னாரு. "முட்டை வெக்கும்ணே, ரெண்டு நாள்ல வெள்ளையாகி பூஞ்சை புடிச்சிருதாம், மச்சான் சொன்னான்"னேன். "அது தண்ணி கடுசா இருக்கு, கொஞ்சம் ஆர்ஓ கலந்து பாரு, ஆம்பளை மீன் இருக்கான்னும் பாரு, ரெண்டும் பொம்பளையா இருந்தாலும் ஜோடி மாதிரி முட்டை வெக்கும்"னாரு. கப்பி, மாலி, ப்ளாட்டி மட்டும் வெச்சிருக்கறவங்க இந்த பதிவுல இதுக்கு மேல படிக்கவே வேணாம், அதுங்களுக்கு கடுத்த தண்ணி தான் புடிக்கும், 8.2 அருமையான நம்பர்.

இந்த எடத்துல ஒன்னு, நிறைய அபார்ட்மென்ட்ல கீழ பெரிய சாஃப்ட்னர் வெச்சிருப்பாங்க, உப்பு மூட்டை கொட்டுவாங்களே அது. அது கால்சியம் மெக்னீசியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும், சோப்பு நல்லா நுரைக்கும், கொழாய்ல உப்பு படியாது. ஆனா பைகார்பனேட்டை தொடவே தொடாது. கேஹெச் அப்டியே இருக்கும், பிஹெச்சும் அப்டியே இருக்கும். சாஃப்ட் வாட்டர்னு நம்பி டிஸ்கஸ் மீன் வாங்கிராதீங்க.

கேஹெச்சை நெஜமா கொறைக்க வீட்டுல இருக்கற சுலபமான வழி ஆர்ஓ. எங்க கிச்சன் ஆர்ஓ தண்ணி டிடிஎஸ் 60, கேஹெச் ஒரு சொட்டு. டிடிஎஸ் கண்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும், அது கொஞ்சம் பச்சைத் தண்ணியை கலந்து விடறதால தான் சைபர் வராம ஒன்னு வருது. ஆர்ஓ தண்ணியோட பிஹெச்சை பேனா மீட்டர்ல அளக்காதீங்க, அதுல கரைஞ்ச உப்பு ரொம்ப கொறைச்சலா இருக்கறதால நம்பர் நிக்காம அலைஞ்சுக்கிட்டே இருக்கும், அதை வெச்சு ஒன்னும் ஆகப் போறதும் இல்ல. கலவைக் கணக்கு லேசு: 12 லிட்டர் போர், 28 லிட்டர் ஆர்ஓ, மொத்தம் 40. பத்துல மூணு பங்கு 14, பத்துல ஏழு பங்கு 1, கூட்டினா 4.9. மூடி போட்ட நீல ட்ரம்ல கலந்து ஏர் ஸ்டோன் ஒன்னை தொங்க விட்டு மறுநாள் அளந்தேன், கேஹெச் 5, பிஹெச் 7.6. கணக்கும் தண்ணியும் ஒத்துப் போறப்ப வர சந்தோஷம் இருக்கே.

28 லிட்டர் ஆர்ஓ புடிக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அந்த நேரம் பூரா கிச்சன்ல வீட்டுக்காரம்மா தயவு வேணும், ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சப்புறம் ட்யூப் போட்டு விட்டுருவேன். வேஸ்ட் லைன்ல வர தண்ணி அதை விட ரெண்டு மூணு மடங்கு வரும், அதை வீடு தொடைக்க, பாத்ரூமுக்குன்னு வெச்சுக்கிட்டோம், தொட்டிக்கு மட்டும் ஒரு சொட்டு ஆகாது. மழைக் காலத்துல இந்த அவஸ்தையே இல்ல. ஐப்பசி கார்த்திகையில மொத ரெண்டு மழை மாடியை கழுவி விட்டப்புறம் குழாய்ல நேரா புடிச்ச மழைத் தண்ணி கேஹெச் சைபர், ஓசியில ஆர்ஓ. மழைநீர் சேகரிப்பு குழாய்னு 2003-லேர்ந்து எல்லா வீட்டுலயும் இருக்கணும்னு சட்டம் இருக்கு, குழாய் வாய்க்கு கீழ பக்கெட்டை வெச்சா போதும். காக்கா புறா எச்சம் இல்லாத மாடியான்னு மட்டும் பாத்துக்கங்க.

தொட்டிக்கு மாத்தறது மெதுவா தான். வாரம் ஒரு தடவை 20 லிட்டர் எடுத்து இந்த கலவையை 20 லிட்டர் ஊத்தறது, அதுவும் ட்யூப்ல சன்னமா. மொத தடவை 14 கிட்டத்தட்ட 12 ஆகும், அடுத்தது 11-க்கு கொஞ்சம் கீழ, அடுத்தது ஒம்பதரை, போகப் போக எறங்கற வேகம் கொறையும். மீனுக்கு பிஹெச் மாறறதை விட டிடிஎஸ் சட்டுனு மாறறது தான் பெரிய அடி, ஒடம்புக்குள்ள இருக்கற உப்புக்கும் வெளிய இருக்கற தண்ணிக்கும் உள்ள இழுபறி மாறுது. அவசரப்பட்டு ஒரே நாள்ல பாதியை மாத்தாதீங்க.

நல்லா எறங்கிக்கிட்டே வந்த கேஹெச் 8 பக்கம் வந்ததும் மக்கர் பண்ணுச்சு. தண்ணி மாத்தின அன்னைக்கு 7 காட்டும், அடுத்த வாரம் அளந்தா 8. நான் எதுவும் சேக்கல. இப்ப தான் கலர் கல்லு மாட்டுச்சு. தொட்டியோட வந்த நீலம் செவப்பு கல்லெல்லாம் பெயின்ட் அடிச்ச மார்பிள் சிப்ஸ், அங்கங்க பெயின்ட் உரிஞ்சு வெள்ளை தெரியுது. நடுவுல ராமேஸ்வரத்துல வாங்கின சங்கு சிப்பி வேற. மார்பிள்னா சுண்ணாம்புக் கல்லு, கால்சியம் கார்பனேட். தண்ணி 8.2-ல, கேஹெச் 14-ல இருந்தப்ப அதுல ஏற்கனவே சுண்ணாம்பு நெறைஞ்சு இருந்ததால கல்லு கரையாம சும்மா கெடந்துச்சு, தண்ணியை மென்மையாக்கி பிஹெச் எறங்க ஆரம்பிச்சதும் கரைய ஆரம்பிச்சிருச்சு. அதாவது நாம எறக்க எறக்க அது ஏத்திக்கிட்டே இருக்கும்.

சந்தேகம் இருந்தா கல்லை சுத்தியால ரெண்டா ஒடைச்சு ஒடைஞ்ச பக்கத்துல ஆசிட் விட்டுப் பாருங்க. மேல் பக்கம் விட்டா பெயின்ட் மறைச்சுரும், ஒன்னும் தெரியாது. வினிகர் விட்டேன், உத்துப் பாத்தா தான் தெரியுது, ஒடைஞ்ச எடத்துல சக்கரை மாதிரி மினுக்கற பரல் நடுவுலேர்ந்து ஊசி முனை அளவுக்கு குமிழி ஒன்னு ஒன்னா கெளம்பி ஓரத்துக்கு நகந்து உடையுது. பாத்ரூம் கழுவற ஆசிட்ல ஒரு சொட்டு விட்டதும் சுர்ருன்னு பொங்கி நுரைச்சிருச்சு, அதை மாடியில கையில க்ளவுஸ் போட்டுக்கிட்டு பண்ணுங்க. அதே ஆசிட்டை வீட்டு வாசல்ல கெடந்த கருங்கல் ஜல்லியில விட்டேன், சத்தமே இல்ல. பல்லாவரம், பரங்கிமலை பக்கத்து கருங்கல்லு சார்னோக்கைட்டுனு ஒரு பாறை, அதுல சுண்ணாம்பு கெடையாது, தொட்டிக்கு தாராளமா போடலாம். கோரி மீசை தேயக் கூடாதேன்னு நான் அடியில ஃபில்டர் மணல் போட்டேன், நீச்சல் குளம், தண்ணி ப்ளான்ட்டுக்கெல்லாம் மூட்டையில விக்கற சிலிக்கா மணல், பின்னாடி மட்டும் நாலு கருங்கல்லு. பழைய கல்லை ஒரேடியா அள்ளிராதீங்க, அமோனியாவை தின்னற பாக்டீரியா அதுல தான் குடியிருக்கு, மூணுல ஒரு பங்கா வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தேன். கல்லு போனதும் கேஹெச் கீழ எறங்கி 5-ல வந்து நின்னுச்சு, பிஹெச் 7.5.

பாதாம் இலையைப் பத்தி கேப்பீங்க. தெருவோரம் நிழலுக்கு வெச்சிருப்பாங்களே, சின்ன வயசுல கொட்டையை கல்லால ஒடைச்சு தின்னிருப்போமே, அந்த நாட்டு வாதுமை மரத்தோட காஞ்சு விழுந்த பழுப்பு இலை. கடையில கவர்ல போட்டு காசுக்கு விக்கறாங்க, எங்க தெருவுலயே குப்பையா கெடக்கு. தண்ணி டீ கலர் ஆகும், டானின் எறங்கும். கேஹெச் 14-ல மூணு நாலு இலை போட்டும் மீட்டர் அசையவே இல்ல, கேஹெச் 5-ல 0.1 அசைஞ்சிருக்கலாம், அவ்ளோ தான். பிஹெச்சுக்காக போடாதீங்க, ஏஞ்சலும் கோரியும் அந்த நெழல் தண்ணியில பயமில்லாம திரியுதுங்க, அதுக்காக போடுங்க. மரக்கட்டையும் அதே கதை தான்.

எறங்கினது போதும்னு இருக்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. மீன் வெளிய விடற அமோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தறப்ப ஆசிட் உண்டாகுது, அது கேஹெச்சை தின்னுக்கிட்டே இருக்கும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு சுமார் 7 கிராம் சுண்ணாம்புக் கணக்கு கேஹெச் காலி. எங்க 100 லிட்டர் தொட்டிக்கு தெனம் ஒரு கிராம் தீனி போட்டா குத்துமதிப்பா வாரத்துக்கு ஒரு டிகிரி கரையும். 5-ல இருக்கறப்ப வாராவாரம் தண்ணி மாத்தினா அது ஈடு ஆகிரும். ஒன்னுல வெச்சுக்கிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா கேஹெச் சைபர் ஆகி பிஹெச் 6-க்கும் கீழ விழுந்து கெடக்கும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திரும், அமோனியா சேந்துக்கிட்டே போகும். பிஹெச் கம்மியா இருக்கற வரைக்கும் அது அமோனியமா விஷமில்லாம தான் இருக்கும், 28 டிகிரி தண்ணியில 6.5-ன்னா மொத்தத்துல நூத்துல ஒன்னு கூட விஷம் தேறாது, 7.5-ன்னா நூத்துல ரெண்டு, 8.2-ன்னா பத்துல ஒன்னு. ஊருலேர்ந்து வந்து "ஐயோ தண்ணி நாறுது"ன்னு பாதித் தொட்டி போர் தண்ணியை ஊத்தினா பிஹெச் எகிறி அதுல ஒரு பங்கு சட்டுனு விஷமா மாறிரும். "தண்ணி மாத்தினேன், எல்லா மீனும் செத்துருச்சு"ன்னு சொல்ற பழைய தொட்டிக்காரங்க கதையில பாதி இது தான். அந்த மாதிரி தொட்டி கைக்கு வந்தா தெனம் அஞ்சு அஞ்சு லிட்டரா மாத்துங்க.

கேஹெச் கொறைஞ்சா ஏத்தறதுக்கு ஆப்ப சோடா போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டா ஒரு டிகிரி ஏறும், நகைக்கடை தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசுல நிறுத்து ஒரு மக்கு தண்ணியில கரைச்சு ஊத்துங்க. பேக்கிங் பவுடர் வேற, அதுல வேற சாமானும் கலந்திருக்கும், அதை போடாதீங்க.

அளக்கற நேரத்தையும் சொல்லணும். செடி வெச்ச தொட்டின்னா பகல்ல செடி கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், சாயங்காலம் பிஹெச் மேல இருக்கும், விடியக்காலையில கீழ இருக்கும். நான் செடியும் கொஞ்சம் வெச்சிருக்கேன், காலையில 7.4, லைட் அணைக்கற நேரத்துல 7.7. ஒரு நாள் காலையிலயும் இன்னொரு நாள் ராத்திரியும் அளந்துட்டு "பிஹெச் ஆடுது"ன்னு பயப்படறதுல அர்த்தமில்ல, எப்பவும் ஒரே நேரத்துல அளங்க. கேஹெச் ஆடாம இருந்தா இந்த ஆட்டத்தை மீன் கண்டுக்காது.

கோடையில போர் கீழ போனதும் எங்க சம்புல லாரி தண்ணி எறங்கும், அதுல தான் இப்ப கவனம். ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு ஊர் கெணத்துத் தண்ணி, ஒரு தடவை கேஹெச் 9 தான் காட்டுச்சு, பழைய கணக்குல 12-க்கு 28 கலந்திருந்தா மூணரைக்கும் கொஞ்சம் கீழ போயிருக்கும். அதனால கலக்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு சம்பு தண்ணியில ஒரு தடவை சொட்டு எண்ணிக்கறது. 9-ன்னா சரி பாதி போர், சரி பாதி ஆர்ஓ, 5 வந்துரும். மெட்ரோ தண்ணி கலந்து வர்ற நாள்ல குளோரின் வாசம் அடிக்கும், ட்ரம்ல ஹைப்போ (குளோரினை போக்கற சோடியம் தயோசல்ஃபேட்) ரெண்டு மூணு பரல் போட்டுட்டு தான் மத்த வேலை. கேஹெச் சொட்டு மருந்து பாட்டில் சீக்கிரம் தீருதேன்னு பாக்காதீங்க, பிஹெச் டவுனுக்கு மச்சான் செலவழிச்ச காசுல இது எத்தனையோ பாட்டில் வரும்.